லைட்வெயிட்டில் எக்காலத்துக்கும் பெரிய ஆள் யார்? சுவரில் ஐந்து பேருக்குத்தான் இடம்

அடிவாரம்60:

வணக்கம்ங்க. ஏற்காடு அடிவாரத்துல ஒரு தகர ஷெட்டுல சாயங்காலம் பாக்ஸிங் வகுப்பு நடக்குது. மேற்குச் சுவர் 20 அடி நீளம், வெள்ளை அடிச்சுச் சும்மா கிடக்கு. ஆளுக்கு 4 அடின்னு வச்சா ஐந்து பேரை வரையலாம். வர்ற பிள்ளைங்கள்ல பாதிக்கு மேல 60 கிலோவை ஒட்டினவங்க. அதனால லைட்வெயிட் ஆளுங்களாவே போட்டுடலாம்னு பேச்சு.

இப்போதைக்குக் கையில இருக்கிற பட்டியல்: ராபர்ட்டோ டுரான், ஹூலியோ சீசர் சாவேஸ், ஃப்ளாய்ட் மேவெதர், மேனி பாக்கியாவ், வாசில் லோமசென்கோ. தப்பா இருந்தா அடிச்சுத் திருத்துங்க. வெறும் பேர் மட்டும் சொல்லிட்டுப் போகாதீங்க. எந்தச் சண்டை, அதுல பிள்ளைங்க பார்த்துக் கத்துக்க என்ன இருக்கு, அதையும் சொன்னா நல்லது. பெயின்டர் ஞாயித்துக்கிழமை காலையில வர்றார்.

செவ்வாய்ப்பேட்டை கார்னர்:

தம்பி, ஐந்து பேருமே பெரிய பாக்ஸர்கள். அதில் வழக்கு இல்லை. ஆனால் நீங்கள் கேட்டது லைட்வெயிட்டில் பெரிய ஆள் யார் என்று. 135 பவுண்டு, அதாவது 61.2 கிலோ. அந்தத் தராசில் நின்று செய்ததை மட்டும் எண்ணினால் உங்கள் பட்டியலில் நான்கு பேர் உதிர்ந்துவிடுவார்கள்.

பாக்கியாவ் அந்த எடையில் போட்டது ஒரே ஒரு சண்டை. 2008 ஜூன் 28இல் டேவிட் டயஸை ஒன்பதாவது ரவுண்டில் சாய்த்து டபிள்யூபிசி (உலகப் பட்டம் கொடுக்கும் அமைப்புகளில் ஒன்று) பட்டம் வாங்கினார், அடுத்த சண்டைக்கு இன்னும் கனமான எடையான வெல்டர்வெயிட்டுக்கு நேரே போய்விட்டார். வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போன விருந்தாளிக்குச் சுவரில் 4 அடி ஜாஸ்தி. மேவெதருக்கு நான்கு சண்டை: 2002இல் ஹோசே லூயிஸ் காஸ்டீயோவுடன் இரண்டு, 2003இல் சோசா, என்டூ. அதில் காஸ்டீயோவுடன் முதல் சண்டை தோற்றிருக்க வேண்டியது என்று இன்றைக்கும் அடித்துக்கொள்கிறார்கள்.

சாவேஸை எடுக்கத்தான் மனசு கஷ்டப்படுகிறது. 1987 நவம்பர் 21இல் எட்வின் ரொசாரியோவை 11 ரவுண்டில் உடைத்தாரே, ஒரே இரவை மட்டும் வைத்துப் பார்த்தால் லைட்வெயிட்டில் அதைவிடச் சிறந்த ஆட்டம் நாலைந்துதான் தேறும். 1988 அக்டோபரில் ராமிரெஸை வென்றார், 1989இல் 140 பவுண்டு எடைக்கு ஏறிவிட்டார். அவரைச் சுவருக்கு வேண்டாம், டிவிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரொசாரியோ சண்டையில் ஜாப் (முன்னால் இருக்கும் கையின் நேர்குத்து) எதிராளியின் முகத்துக்குப் போகும்போதே இடது கால் எங்கே போய் நிற்கிறது என்று பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்து விலாவுக்கு வளைந்து வரும் ஹூக்கின் பாதி வேலையை அந்தக் கால் முடித்துவிடுகிறது.

லோமசென்கோ இயல்பிலேயே சிறிய உடம்பு. 2018இல் லினாரெஸிடம் ஆறாவது ரவுண்டில் விழுந்து எழுந்து, பத்தாவதில் ஈரலில் ஒரு இடது ஹூக் போட்டு முடித்தது அழகு. ஆனால் 2020இல் லோபஸிடமும் 2023இல் ஹேனியிடமும் தோல்வி. முதல் ஐந்துக்குள் வராது.

யாராவது ஹென்றி ஆம்ஸ்ட்ராங் பெயரை எடுக்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன். ஒரே நேரத்தில் ஃபெதர், லைட், வெல்டர் என்று மூன்று எடைகளின் பட்டமும் வைத்திருந்த மனிதர். ஆனால் லைட்வெயிட் பட்டம் 1938 ஆகஸ்ட் 17 முதல் 1939 ஆகஸ்ட் 22 வரைதான். லூ ஆம்பர்ஸிடம் வாங்கியதை ஆம்பர்ஸிடமே கொடுத்தார். அந்த இரண்டாவது சண்டையில் பெல்ட்டுக்குக் கீழே குத்தியதற்காக ஐந்து ரவுண்டுகளைப் பறிகொடுத்தார். ஐந்து! வகுப்பில் லோ ப்ளோ போடும் பிள்ளைக்குச் சொல்லிக்காட்ட இதைவிட நல்ல கணக்கு கிடைக்காது.

ஆக மிச்சம் டுரான் ஒருவர்தான்.

ஐந்துரோடு பெல்:

டுரான் மிச்சம் இல்லைங்க, டுரான்தான் முதல். அதுக்கப்புறம்தான் மத்தவங்க.

1972 ஜூன் 26, மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல கென் புக்கானன்கிட்ட பட்டம் வாங்கினார். 1979 தொடக்கத்துல எடை தாங்காம தானா விட்டுக்கொடுத்தார். நடுவுல 12 முறை பட்டத்தைக் காப்பாத்தினதுல 11 நாக்அவுட். முழு 15 ரவுண்டும் நின்ன ஒரே ஆள் 1977ல எட்வின் விருவெட். இந்த எடையில டுரான் தோத்தது ஒரே ஒரு தடவை, அதுவும் பட்டத்துக்கு இல்லாத 10 ரவுண்ட் சண்டை: 1972 நவம்பர் 17, எஸ்டபான் டி ஹெசூஸ்கிட்ட.

வகுப்புக்குப் பாடம் வேணும்னா டி ஹெசூஸ் சண்டை மூணையும் வரிசையாப் போடுங்க. முதல் சண்டையில முதல் ரவுண்டுலயே டுரான் இடது ஹூக் வாங்கி உட்கார்ந்தார். ரெண்டாவது சண்டை 1974 மார்ச், பனாமா சிட்டி. மறுபடியும் முதல் ரவுண்டு, மறுபடியும் இடது ஹூக், மறுபடியும் கீழே. ஆனா எழுந்ததும் தூரத்துல நிக்கவே இல்லை. உள்ளே புகுந்து உடம்பையே குத்திக் குத்தி 11வது ரவுண்டுல முடிச்சார். மூணாவது 1978 ஜனவரி 21, லாஸ் வேகாஸ். அதுல பாயவே மாட்டார். ஜாப் போட்டு, தலையை நகர்த்தி, அந்த ஹூக் வர்ற பாதையில நிக்காமலே பாக்ஸிங் பண்ணி 12வதுல வலது கையில சாய்ச்சார். ஒரே எதிராளி, ஒரே ஹூக், மூணு விதமான விடை. பிள்ளைங்களுக்கு இதுக்கு மேல என்ன வேணும்?

டுரான்னாலே முரட்டுத்தனம்னு ஒரு பேச்சு இருக்கு. பாதிதான் உண்மை. உள்ளே புகுறதுக்கு முன்னாடி வலது தோளை அசைச்சு ஒரு பாவ்லா காட்டுவார். எதிராளி முகத்தைக் காக்கக் கையைத் தூக்கின நேரத்துல இடது கால் அவனோட ரெண்டு காலுக்கும் நடுவுல போயிருக்கும். நெத்தி நெஞ்சுல ஒட்டும், இடது உள்ளங்கை அவனோட புஜத்துல உட்காரும், வலது கை விலாவுல வேலை பாக்கும். அவன் பிடிக்க வந்தா புஜத்துல இருக்கிற கையாலயே லேசாத் தள்ளித் திருப்பிடுவார்.

இதைப் பழக்குறப்போ மூணு ரவுண்டு, ரவுண்டுக்கு ரெண்டு நிமிஷம், நெத்தியைத் தோள்ல ஒட்டி வச்சு நெஞ்சுக்குக் கீழே மட்டும் பாதி வேகத்துல குத்தச் சொல்லுங்க. பிள்ளைங்க பண்ற தப்பு பெரும்பாலும் தலையில வரும். நேர் நடுவுல கொண்டுபோய் வைப்பாங்க, கீழே இருந்து மேல வர்ற அப்பர்கட் வாங்குவாங்க, இல்லேன்னா மண்டை மோதி புருவம் கிழியும். எதிராளியோட தோளுக்கு வெளிப்பக்கமா ஒதுங்கித்தான் தலை நிக்கணும். இன்னொண்ணு, ரெண்டு காலையும் சமமா வச்சுட்டு நிப்பாங்க. ஒரு தள்ளுல கயித்துல போய் விழுவாங்க.

பகோடா பாயிண்ட்:

பெல் அண்ணா புக்கானன் சண்டை எப்படி முடிஞ்சதுன்னு சொல்லாம நைசாத் தாண்டிப் போயிட்டார். 13வது ரவுண்டு மணி அடிச்ச பிறகு டுரான் போட்ட அடி பெல்ட்டுக்குக் கீழே. புக்கானன் சுருண்டு விழுந்தார், ரெஃப்ரி ஜானி லோபியான்கோ டுரானுக்கே வெற்றி கொடுத்தார். மறுசண்டையும் கொடுக்கலை. பாயிண்ட்ல அதுவரைக்கும் டுரான்தான் முன்னாடி, அதை ஒத்துக்குறேன். ஆனா அந்தக் கறை இருக்கத்தான் செய்யுது.

நான் முதல் இடத்துக்குச் சொல்றது ஜோ கான்ஸ். பால்டிமோர்க்காரர். 1902 மே 12ல ஃப்ராங்க் எர்னை முதல் ரவுண்டுலயே படுக்கவச்சு பட்டம் வாங்கினவர். அமெரிக்காவுல பிறந்த கறுப்பினத்தவர்ல முதல் உலக சாம்பியன் இவர்தான். அந்தக் காலத்துல ஒரு கறுப்பு ஆள் ஜெயிக்கிறதுக்கே அனுமதி வேணும். 1900ல சிகாகோவுல மெக்கவர்ன்கிட்ட தோத்தது வேணும்னே விட்டுக்கொடுத்ததுன்னு பரவலா நம்பப்படுது. அவர் தோல்விக் கணக்கை இப்போ உள்ளவங்க தோல்விக் கணக்கு மாதிரி வாசிக்கக் கூடாது.

கோல்ட்ஃபீல்டு சண்டையைச் சொல்றேன். 1906 செப்டம்பர் 3, நெவாடா மாநிலத்துச் சுரங்க ஊர், எதிராளி பேட்லிங் நெல்சன். ஒப்பந்தத்துல எடை 133 பவுண்டுன்னு எழுதினாங்க, அதுவும் சண்டை நடக்கிற அன்னிக்கு, உடுப்போட. ரவுண்டுக்கு வரம்பே இல்லை. 42வது ரவுண்டுல நெல்சன் கீழே குத்தி தகுதி நீக்கம் ஆன பிறகுதான் முடிஞ்சது. ரவுண்டுக்கு 3 நிமிஷம், இடைவேளை 1 நிமிஷம் போட்டுப் பாருங்க, ரெண்டே முக்கால் மணி நேரத்துக்கு வருது. ஏற்காட்டு மலைப்பாதையில 20 கொண்டை ஊசி வளைவு. மேலே போய் வளைவுக்கு ஒரு ரவுண்டு, கீழே வந்து வளைவுக்கு ஒரு ரவுண்டு, அப்புறம் திரும்பவும் ரெண்டு வளைவு ஏறணும். அப்போதான் 42 ஆகும். இதுல இன்னொரு விஷயம், கோல்ட்ஃபீல்டு 1,700 மீட்டருக்கு மேல. நம்ம சேர்வராயன் கோயில் இருக்கிற உச்சியே 1,623 மீட்டர்தான்.

நடுவுல வலது கை உடைஞ்சும் மனுஷன் நின்னார். ஜெயிச்ச கான்ஸைவிடத் தோத்த நெல்சனுக்குத்தான் பணத்துல பெரிய பங்கு.

அந்தச் சண்டையோட படம் இன்னும் இருக்கு. பழைய படம் வேகமா ஓடும், அதனால பிள்ளைங்க சிரிப்பாங்க. வேகத்தைக் குறைச்சுப் போடுங்க. கான்ஸ் குத்தைக் கையால தட்டிவிட்ட இடத்துல இருந்தே தன் குத்தைத் தொடங்குவார், கையைப் பின்னால இழுக்கவே மாட்டார். பாதம் எப்பவும் தோளுக்கு நேர் கீழே. 42 ரவுண்டு நிக்கணும்னா வீண் அசைவுக்கு இடமில்லை, அதான் காரணம்.

ஐந்துரோடு பெல்:

கான்ஸ் பெரிய ஆள், மறுக்கலை. ஆனா 1908ல அதே நெல்சன்கிட்ட ரெண்டு தடவை நாக்அவுட் ஆனாரே? ஜூலையில 17வது ரவுண்டு, செப்டம்பர்ல 21வது.

பகோடா பாயிண்ட்:

அண்ணா, அப்போ அவருக்கு 33 வயசு. 1910 ஆகஸ்ட்ல காசநோயில செத்துப்போயிட்டார். 1979ல டுரானுக்கு எடை தாங்கலைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அவர் மேல போயிட்டார், கான்ஸுக்கு மேல போக எடையும் இல்லை, பணமும் இல்லை, கீழே இறங்கிட்டே இருந்தார்.

அம்மாபேட்டை இடதுகை:

இரண்டு பேரும் குத்துறதையே பேசிட்டு இருக்கீங்க. குத்து வாங்காம இருக்கிறதும் பாக்ஸிங்தான்ங்க. பெர்னெல் விட்டேக்கர் இல்லாம லைட்வெயிட் பட்டியல் கிடையாது.

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ல இதே எடையில தங்கம். 1989 பிப்ரவரியில கிரெக் ஹாகன்கிட்ட ஐபிஎஃப் பட்டம், ஆகஸ்ட்ல ராமிரெஸ்கிட்ட டபிள்யூபிசி, 1990 ஆகஸ்ட் 11ல ஹுவான் நசாரியோவை முதல் ரவுண்டுலயே சாய்ச்சு டபிள்யூபிஏவும். டுரானுக்கு அப்புறம் லைட்வெயிட்டை ஒரே கையில சேர்த்தவர் இவர்தான். இந்த எடையில ஒரே தோல்வி 1988 மார்ச்ல பாரிஸ் பக்கம் ராமிரெஸ்கிட்ட. அது எப்படிப்பட்ட தீர்ப்புன்னு நான் சொல்ல வேண்டாம், சத்தத்தை அணைச்சுட்டு நீங்களே 12 ரவுண்டுக்கும் மார்க் போட்டுப் பாருங்க.

குறையும் சொல்லிடுறேன். 40 வெற்றியில நாக்அவுட் 17தான். கை கனம் இல்லை.

சவுத்பா, அதாவது வலது கையும் வலது காலும் முன்னால வச்சு நிக்கிற இடதுகைப் பிள்ளைங்க இருந்தா அவர் முன்கால் எங்கே போகுதுன்னு பாக்கச் சொல்லுங்க. வலது கால் எதிராளியோட இடது காலுக்கு வெளியே நிக்கும். அங்கே நின்னுட்டா இடது நேர்குத்துக்கு வழி திறந்திருக்கும், எதிராளியோட வலது கை சுத்திக்கிட்டுத்தான் வரணும். குத்து வரும்போது இடுப்புல மடங்க மாட்டார், முழங்கால்ல இறங்குவார். முதுகு நேரா, கண்ணு எதிராளி நெஞ்சு மேல. பின்னால சாயறதைவிட, கீழே இறங்கி வெளியே நகர்றதுதான் அதிகம்.

பழக்கணும்னா ரிங்கோட ஒரு மூலையில இருந்து எதிர் மூலைக்கு ஒரு கயிறைத் தோள் உயரத்துல கட்டுங்க. கயித்துக்கு ரெண்டு பக்கமும் தலையைக் கொண்டுபோயி முன்னால நடக்கணும், அப்புறம் பின்னால. மூணு ரவுண்டு, ரவுண்டுக்கு மூணு நிமிஷம், கையைக் கன்னத்தை விட்டு எடுக்காம. ரெண்டாவது ரவுண்டுல தொடை எரிய ஆரம்பிச்சதும் பிள்ளைங்க இடுப்புல குனிய ஆரம்பிப்பாங்க, கண்ணு தரைக்குப் போயிடும். அங்கேயே நிறுத்துங்க. அந்தக் குனிவோட ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) போனா முதல் அப்பர்கட்ல பாடம் கிடைக்கும். இன்னொண்ணு, விட்டேக்கர் சில நேரம் பெல்ட் உயரத்துக்கும் கீழே போவார். அமெச்சூர்ல அப்படிப் போனா ரெஃப்ரி எச்சரிப்பார். அந்த இடத்தை மட்டும் காப்பி அடிக்க விடாதீங்க.

செவ்வாய்ப்பேட்டை கார்னர்:

இடதுகை சொன்னதுக்கு என் ஓட்டும் உண்டு. இப்போது பென்னி லெனர்ட். நியூயார்க்கின் யூதக் குடியிருப்பில் பிறந்தவர். 1917 மே 28 முதல் 1925 ஜனவரியில் ஓய்வு அறிவிக்கும் வரை, ஏழரை வருஷத்துக்கு மேல் பட்டம் அவரிடமே இருந்தது.

அவர் கணக்கைப் படிக்கும் முன்பு ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். அன்றைக்கு நியூயார்க், நியூஜெர்சி போன்ற இடங்களில் பாயிண்ட் தீர்ப்பு சொல்லச் சட்டம் அனுமதிக்கவில்லை. இருவரும் நின்றுவிட்டால் முடிவு கிடையாது. மறுநாள் பத்திரிகைக்காரர் எழுதுவதுதான் தீர்ப்பு. ஆகவே சாம்பியனை நாக்அவுட் செய்தால் மட்டுமே பட்டம் கை மாறும். ஃப்ரெட்டி வெல்ஷ் இதை வைத்தே காலம் ஓட்டினார், அடி வாங்காமல் நின்றால் போதும். லெனர்ட் 1916இல் அவரோடு இரண்டு முறை மோதியும் பட்டம் கிடைக்கவில்லை. மூன்றாம் முறை ஒன்பதாவது ரவுண்டில் சாய்த்த பிறகுதான் கிடைத்தது. இணையத்தில் லெனர்ட் கணக்கு ஒவ்வொரு தளத்தில் ஒவ்வொரு மாதிரி இருப்பதற்குக் காரணமும் இதுதான். பத்திரிகைத் தீர்ப்பைச் சிலர் சேர்ப்பார்கள், சிலர் சேர்க்க மாட்டார்கள்.

1922 ஜூலை 27, லூ டெண்ட்லர் சண்டை. டெண்ட்லர் சவுத்பா. எட்டாவது ரவுண்டில் அவருடைய இடது கை லெனர்டைக் கலக்கிவிட்டது. கால் தள்ளாடுகிறது, கை மேலே வரவில்லை. லெனர்ட் பேச ஆரம்பித்தார். டெண்ட்லர் பதில் சொல்ல ஒரு நொடி நின்றார், அதற்குள் இவருக்குத் தலை தெளிந்துவிட்டது. மறு வருஷம் யாங்கி ஸ்டேடியத்தில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டத்தின் முன் 15 ரவுண்டும் தெளிவாக வென்றார்.

டுரானை ஆதரிப்பவர்களுக்கு ஒரு செய்தி. டுரான் மூலையில் நின்ற பயிற்சியாளர் ரே ஆர்செல், அதற்கு நாற்பது வருஷம் முன்பு லெனர்ட் திரும்ப ஆட வந்தபோது அவர் மூலையிலும் நின்றவர். நீங்கள் டுரானிடம் பாராட்டும் அந்தப் பாவ்லாவுக்குத் தாத்தா யார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அடிவாரம்60:

ரொம்ப நன்றிங்க. டுரான், கான்ஸ், லெனர்ட், விட்டேக்கர். நாலு ஆச்சு. ஐந்தாவது?

பகோடா பாயிண்ட்:

ஐக் வில்லியம்ஸ். 1947 ஆகஸ்ட் 4ல பாப் மாண்ட்கோமரியை ஆறாவது ரவுண்டுல முடிச்சு, பிரிஞ்சு கிடந்த ரெண்டு லைட்வெயிட் பட்டத்தையும் ஒண்ணாக்கினார். 1951 மே வரைக்கும் வச்சிருந்தார். வலது கை இடி. பாக்ஸிங்கைக் கையில வச்சிருந்த ரவுடிக் கும்பலைப் பத்தி அமெரிக்க செனட் குழு முன்னாடி வாய் திறந்து சொன்னவர்ங்கிறதும் உண்டு.

ஐந்துரோடு பெல்:

கார்லோஸ் ஓர்டிஸ். புவர்ட்டோ ரிக்கோக்காரர். 1962 ஏப்ரல் 21ல ஜோ பிரவுன்கிட்ட வாங்கினார். 1965ல பனாமாவுல லகூனாகிட்ட தோத்து அதே வருஷம் நவம்பர்லயே திரும்ப வாங்கினார், 1968 வரைக்கும் வச்சிருந்தார். ஐக் வில்லியம்ஸோட வலது கையை யாருக்கும் கத்துக்கொடுக்க முடியாது, அது பிறவி. ஓர்டிஸோட ஜாபைக் கத்துக்கொடுக்கலாம். குத்து போன பாதையிலயே கை திரும்பி வரும், தாடைக்குப் பக்கத்துல வந்துதான் நிக்கும்.

பகோடா பாயிண்ட்:

டோனி கன்சனேரியை ரெண்டு பேருமே மறந்துட்டோம்.

ஐந்துரோடு பெல்:

மறக்கலை. இடம் இல்லை.

கஞ்சமலைக்காரி:

வகுப்புல பொண்ணுங்க எத்தனை பேர்ங்க? முதல் பதிவுல "பிள்ளைங்க"ன்னுதான் போட்டிருக்கீங்க.

அடிவாரம்60:

பன்னெண்டு பேர்ல அஞ்சு பேர் பொண்ணுங்கக்கா.

கஞ்சமலைக்காரி:

அப்போ ஐந்தாவது இடத்துக்கு இவ்வளவு நேரம் எதுக்குச் சண்டை? கேட்டி டெய்லர். அயர்லாந்துக்காரி. பெண்கள் பாக்ஸிங் முதல்முதலா ஒலிம்பிக்ல வந்தது 2012 லண்டன்ல. அதுல 60 கிலோ தங்கம் இவங்களுக்குத்தான். நீங்க சொல்ற அதே 60 கிலோ. 2019 ஜூன் 1ல டெல்ஃபீன் பெர்சூனை ஜெயிச்சு லைட்வெயிட்ல நாலு அமைப்போட பெல்ட்டையும் சேர்த்தாங்க. அந்தத் தீர்ப்புல தகராறு உண்டு, எனக்கே பெர்சூன் ஜெயிச்ச மாதிரித்தான் தெரிஞ்சது. ஆனா 2022 ஏப்ரல் 30, அமாண்டா செரானோ சண்டையைப் பாருங்க. மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல பெண்கள் சண்டை முதன்மைச் சண்டையா நடந்தது அதுதான் முதல் தடவை. டுரான் பட்டம் வாங்கின அதே அரங்கம்.

ஐந்தாவது ரவுண்டுல செரானோ மூலையில வச்சு அடிச்ச அடிக்கு வேற யாரா இருந்தாலும் முடிஞ்சிருக்கும். டெய்லர் அதைத் தாண்டி, கடைசி ரவுண்டுகள்ல ரெண்டு மூணு குத்து போட்டுட்டு உடனே பக்கவாட்டுல வெளியேறி ஜெயிச்சாங்க. அந்த வெளியேறலை மட்டும் பழக்குங்க. பேக்ல ஒன்-டூ (ஜாப், உடனே வலது நேர்குத்து) போட்டதும் வலது பாதத்தை வலப்பக்கம் ஒரு அடி தள்ளி வச்சு உடம்பைத் திருப்பணும். நேர் பின்னால போனா அடுத்த குத்து முகத்துக்கு வரும். பெண்கள் தொழில்முறைப் பட்டச் சண்டையில பெரும்பாலும் ரவுண்டுக்கு ரெண்டே நிமிஷம், 10 ரவுண்டு. நேரம் கம்மிங்கிறதால குத்து எண்ணிக்கை ஏறும், மூச்சை விட நேரமே இருக்காது. பொண்ணுங்களுக்கு பேக் ரவுண்டை அந்த அளவுக்கே வையுங்க.

ஐந்துரோடு பெல்:

அக்கா சொன்ன பிறகு ஓர்டிஸை வாபஸ் வாங்கிக்கிறேன்.

பகோடா பாயிண்ட்:

நான் வாங்கலை. ஆனா சுவர் என்னுது இல்லையே.

செவ்வாய்ப்பேட்டை கார்னர்:

படம் வரைவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. இந்த ஐந்து பேர் படத்துக்குக் கீழே "135 பவுண்டு" என்று பெரிதாக எழுதினால் 65 கிலோ பையன் ஒருவன் நாளைக்கே வியர்த்து எடை குறைக்கப் பிளாஸ்டிக் கோட்டு மாட்டிக்கொண்டு மலைப்பாதையில் ஓடுவான். கான்ஸ், லெனர்ட் காலத்தில் சண்டை நாளன்றே எடை. 1980களுக்குப் பிறகு தொழில்முறையில் முந்தின நாளே எடை, அதனால் இறங்கி எடை பார்த்துவிட்டு ராத்திரியில் ஐந்தாறு கிலோ ஏறி வருவது சகஜமாகிவிட்டது. ஐபிஎஃப் மட்டும் பல வருஷம் சண்டை நாள் காலையில் மறுபடியும் நிறுத்திப் பார்த்தது, 10 பவுண்டுக்கு மேல் ஏறியிருக்கக் கூடாது என்று விதி வைத்திருந்தது. பழைய 135உம் இப்போதைய 135உம் ஒரே உடம்பு இல்லை என்பதால் டுரானையும் ஹேனியையும் நேருக்கு நேர் வைத்துப் பேசுவதே கோணல்.

அமெச்சூரில் இந்த வித்தை நடக்காது. ஆட்டம் உள்ள ஒவ்வொரு நாளும் காலையில் தராசு. முதல் நாள் உலர்த்தி இறங்கினால் மூன்றாம் நாள் எழுந்து நிற்க முடியாது. 60 கிலோ பையனுக்கு 1.2 கிலோ தண்ணீர் போனாலே, அதாவது எடையில் 2 சதவீதம், ரவுண்டின் கடைசி நிமிஷத்தில் கை இறங்கிவிடும். வாரத்துக்கு அரை கிலோ, அதற்கு மேல் வேண்டாம். நாலு கிலோ குறைக்க வேண்டுமா, இரண்டு மாதம் முன்பே ஆரம்பியுங்கள். வகுப்பு முடிந்து போகும் வழியில் தட்டுவடை செட் கடை இருக்கிறதா என்றும் பாருங்கள். பாதி கணக்கு அங்கேதான் உதைக்கும்.

15 ரவுண்டு 12 ஆனதும் இந்த எடையில்தான். 1982 நவம்பர் 13, லாஸ் வேகாஸ், ரே மன்சினியும் கொரியாவின் டுக் கூ கிம்மும். எடை இறக்க கிம் பெரும்பாடு பட்டதாகச் சொல்வார்கள். 14வது ரவுண்டில் விழுந்தார், சில நாளில் இறந்தார். அதன் பிறகுதான் டபிள்யூபிசி 12 ரவுண்டாகக் குறைத்தது, மற்ற அமைப்புகள் சில வருஷம் கழித்துப் பின்னால் வந்தன. லைட்வெயிட் வரலாறு சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்றால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அடிவாரம்60:

புரிஞ்சதுங்க. கீழே எடை எழுதலை, பேரும் வருஷமும் மட்டும்தான். கதவுப் பக்கம் இருந்து கான்ஸ், லெனர்ட், டுரான், விட்டேக்கர், டெய்லர். காலவரிசையா வச்சாச்சு, அதனால யார் முதல்னு சுவர் சொல்லாது.

அம்மாபேட்டை இடதுகை:

ஒரே ஒரு வேண்டுகோள். பெயின்டர் போட்டோவை லைட் வச்சு சுவர்ல அடிச்சு வரைவாரா, கட்டம் போட்டு வரைவாரா? லைட் வச்சா சில நேரம் படம் இடம் வலமாத் திரும்பிடும். விட்டேக்கருக்கு வலது காலும் வலது கையும் முன்னால இருக்கணும். மத்த நாலு பேருக்கும் இடது. உடுப்புல எழுத்து இருக்கிற போட்டோவாக் கொடுங்க, எழுத்து இடம் வலம் மாறித் தெரிஞ்சா அங்கேயே பிடிச்சிடலாம்.

அடிவாரம்60:

ஞாயித்துக்கிழமை மத்தியானம் எழுதுறேன். விட்டேக்கர் சரியா வந்துட்டார். டுரான்தான் சவுத்பாவா நிக்கிறார். பென்சில் கோடுதான், அழிச்சுக்கிட்டு இருக்காங்க.